தற்காலிகம் எனும் நிரந்தரம்!

தோழ!

நம் நாட்டில் சாகாவரம் பெற்ற சொல் எது என்று யாரேனும் உன்னைக் கேட்டால், அகராதியைப் புரட்டிக்கொண்டு நிற்காதே. 'தற்காலிகம்' என்று தயங்காமல் சொல்! வெள்ளம் வந்து பாலத்தை அடித்துச் சென்றால் தற்காலிகப் பாதை போடுவார்கள். அந்தப் பாதையில் தளர்நடை பயின்ற பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறந்த பின்னரும் அது தற்காலிகப் பாதைதான். சந்தை தீப்பற்றினால் தற்காலிகக் கொட்டகை எழும். கீற்று நான்குமுறை மாற்றப்பட்டிருக்கும், கொட்டகை மாறியிராது. பாதை கிடக்கட்டும், கொட்டகை நிற்கட்டும். மண்ணுக்கும் கீற்றுக்கும் மனம் இல்லை, நோவதற்கு. ஆனால் மழலை மாறாப் பிள்ளைகளின் முன்னே, கரும்பலகைக்குப் பக்கத்திலே, அதே சொல்லை ஓர் ஆளாக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அந்தக் கொடுமையைப் பற்றி இந்த ஞாயிறன்று உன்னோடு பேச வந்திருக்கிறேன்.

பதிலி ஆசிரியர்! "வகுப்பாசிரியர் வரவில்லை, அவருக்குப் பதிலாக ஒருவர் வந்திருக்கிறார்." எவ்வளவு எளிதாகச் சொல்லி முடித்து விடுகிறார்கள்! பால்காரர் வராத நாளில் அவர் தம்பி வந்து ஊற்றிவிட்டுப் போவதைப் போல! அந்தப் பதிலாளின் ஒரே ஒரு நாளை உனக்குக் காட்டுகிறேன், வா. நாடகம் எழுதிப் பிழைப்பவன் நான். எதையும் காட்சியாக்கித்தான் எனக்குச் சொல்ல வரும். காட்சி நடக்கும் ஊரின் பெயரைக் கேட்காதே. உன் ஒன்றியத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் நீயே கண்டுகொள்வாய்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு வேப்பமரம். வகுப்புகள் ஐந்து, பிள்ளைகள் 47, ஆசிரியர்கள் இருவர். ஐந்து வகுப்புக்கு இருவர் போதும் என்று கணக்கிட்ட மேதைகளின் பெருமையை இன்னொரு ஞாயிறு பாடுவோம். இருவரில் ஒருவர் மகப்பேற்று விடுப்பில் இருக்கிறார். அவர் இடத்துக்கு ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஊர்ப்பெண் ஒருத்தியை அழைத்து வந்திருக்கிறார்கள். தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம் பெற்றவள், தகுதித் தேர்வும் எழுதியவள், வேலை வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக் கண் பூத்தவள். மாதம் 5,000 ரூபாய். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்கிறாள். "சொல்லும்வரை வா அம்மா" என்கிறார் தலைமை ஆசிரியை. அவரைக் குற்றம் சொல்லாதே. அவருக்கும் தெரியாது.

காலைச் சிற்றுண்டி முடிந்து, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடி, பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். தலைமை ஆசிரியைக்கு வட்டார வள மையத்தில் கூட்டம். பத்து மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்று அவர் போய்விடுகிறார். இப்போது 47 பிள்ளைகளும் ஒருத்தியும்! வருகைப் பதிவேட்டை விரிக்கிறாள். "யாழினி" என்று அழைக்கிறாள். "உள்ளேன் அம்மா" என்று இரண்டு குரல் எழுகிறது. எந்த யாழினி முதல் வகுப்பு, எந்த யாழினி மூன்றாம் வகுப்பு என்று விசாரித்து முடிப்பதற்குள், இல்லாத ஒருவனுக்காக இருக்கிற ஒருவன் குரல் கொடுத்து விடுகிறான். பின்வரிசையில் சிரிப்பு. புதிய ஆள் என்று பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள்!

1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்ற முறையை நம் மாநிலத்தில் கொண்டு வந்தார்களே, அதை நீ அறிவாய். பிள்ளைகளை அவரவர் கற்ற அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். பெயர் வைத்தவர் நாவுக்குச் சர்க்கரை போடலாம். முறையிலும் பழுது சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பிள்ளை அரும்பு, எந்தப் பிள்ளை மொட்டு? நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? ஏட்டில் இருக்கிறது. ஏடு அலமாரியில் இருக்கிறது. அலமாரிச் சாவி தலைமை ஆசிரியையின் கைப்பையில் இருக்கிறது. கைப்பை கூட்டத்தில் இருக்கிறது! வேறு வழி இன்றிப் பிள்ளைகளையே கேட்கிறாள்: "மலர் யார் யார், கையைத் தூக்குங்கள்." அத்தனை கைகளும் உயர்கின்றன. எந்தப் பிள்ளைக்குத்தான் மலராக இருக்க ஆசை இராது?

"எங்க டீச்சர் இந்த நேரத்துல விளையாட விடுவாங்க" என்கிறான் ஒருவன். பொய் என்று தெரிகிறது; மெய் எது என்று தெரியவில்லை. கரும்பலகை கண்ணுக்குத் தெரியாததால் எப்போதும் முன்வரிசையில் உட்காருகிற சிறுமி, இன்று யாரோ இடத்தைப் பிடித்துக்கொண்டதால் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, எழுதாமல் விழிக்கிறாள். "ஏன் எழுதவில்லை?" என்று பதிலி ஆசிரியை கடிந்துகொள்கிறாள். அந்தப் பிள்ளை வாய் திறக்கவில்லை. வாய் திறக்கத் தெரிந்த பிள்ளையென்றால் இடத்தையே விட்டுக் கொடுத்திருக்காதே! முதல் வகுப்பில் ஒரு சிறுவன் அழுகிறான். வயிற்று வலியா, வீட்டு நினைவா, பக்கத்தில் இருப்பவன் கிள்ளினானா? வழக்கமாக வரும் ஆசிரியைக்கு அழுகையின் ஓசையைக் கேட்டாலே காரணம் தெரிந்திருக்கும். இவளுக்கு அழுகை மட்டும் கேட்கிறது.

இதுவரை நான் சொன்னவை சிறு தொல்லைகள். எந்தப் பதிலாளுக்கும் முதல் நாளில் வரும் இடர்கள். இவற்றுக்காக நான் மையைச் செலவிடமாட்டேன். சாப்பாட்டு மணி அடித்து, முட்டை உரித்து, கை கழுவி, பிள்ளைகள் கண்சொக்கி உட்கார்ந்திருக்கும் பிற்பகலில்தான் நான் காட்ட விரும்பும் காட்சி வருகிறது.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். சத்தம் போடாதவன், சண்டைக்குப் போகாதவன். அவன் எழுத்தேட்டைப் பார்க்கிறாள். முத்து முத்தான கையெழுத்து! "படி, பார்க்கலாம்" என்கிறாள். பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை தங்குதடையின்றி ஒப்பிக்கிறான். அவளுக்கு ஏதோ ஓர் ஐயம். நடுவிலே ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்கிறாள். அமைதி. வேறொரு சொல். மீண்டும் அமைதி. அப்போதுதான் அவளுக்குப் புரிகிறது: அவன் எழுத்தை எழுதவில்லை, வரைந்துகொண்டிருக்கிறான்! கோலம் போடுவதைப் போல, பார்த்துப் பார்த்து வரைகிறான். மற்றவர் படிப்பதைக் காதால் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்கிறான். எத்தனை மாதமாக இப்படி? யாருக்குத் தெரியும்! அழகான கையெழுத்தும் அடக்கமான குணமும் அவன் குறையை மூடிய இரண்டு போர்வைகள்.

மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு படம் வரையக் கொடுத்துவிட்டு, புளியங்கொட்டையைத் தரையில் பரப்பி, அந்தப் பையனோடு உட்காருகிறாள். ப, ட, ம். மூன்றே எழுத்து, ஒரு புள்ளி. கொட்டையை அடுக்கி அடுக்கிக் காட்டுகிறாள். மணி நான்கு ஆவதற்குள் அவன் 'படம்' என்று படிக்கிறான். 'மடம்' என்று படிக்கிறான். 'பட்டம்' என்று அவனாகவே ஒன்றைக் கூட்டி அடுக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறான். பள்ளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்கிறான்: "நாளைக்கும் வருவீங்களா டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவள் அவள் அல்லள், தோழ! ஆட்சி பீடத்தில் அமர்ந்திருப்போர் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் அடுத்த வாரமும் வருகிறாள் என்றே வைத்துக்கொள். அடுத்த மாதம் நகரத்துத் துணிக்கடையில் 9,000 ரூபாய்க்கு வேலை கிடைக்கிறது. போகிறாள். போகாதே என்று சொல்ல உனக்கும் எனக்கும் வாய் உண்டா? அவள் இடத்துக்கு மற்றொருத்தி வருகிறாள். முத்து முத்தான கையெழுத்தைக் காண்கிறாள், மகிழ்கிறாள், அடுத்த பிள்ளையிடம் நகர்கிறாள். பையன் வரைந்துகொண்டே நான்காம் வகுப்புக்குப் போகிறான், வரைந்துகொண்டே ஐந்தாம் வகுப்புக்குப் போகிறான். ஆறாம் வகுப்பில், அடுத்த ஊர்ப் பள்ளியில், ஓர் ஆசிரியர் கண்டுபிடித்துத் தலையில் கைவைக்கிறார்: "தொடக்கப் பள்ளியில் என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்?"

பதிலாளுக்கு வகுப்பைத் தெரியாது என்பதே தீங்கு என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பாதித் தீங்கு. காலையில் அவளுக்குத் தெரியாதிருந்தது உண்மை. ஆனால் மாலையில் அவளுக்குத் தெரிந்துவிட்டதே! அந்த அறிவு எங்கே போயிற்று? அவளோடு துணிக்கடைக்குப் போயிற்று. ஒவ்வொரு பதிலாளும் போகும்போது ஒரு வகுப்பறையின் நினைவையே எடுத்துக்கொண்டு போகிறார். தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்பவர் பாடத்தை மட்டும் சுமப்பவரா? பாடம் புத்தகத்தில் இருக்கிறது, புத்தகம் இலவசமாகவே வருகிறது. யாருக்குக் கண் மங்கல், யாருக்குக் காது மந்தம், எவன் படிப்பதுபோல் நடிக்கிறான், எவள் இன்று அடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், இந்த நினைவுக் களஞ்சியமல்லவா தொடக்கப் பள்ளி ஆசிரியர்? அந்தக் களஞ்சியத்தை ஆண்டுக்கு மூன்றுமுறை துடைத்துக் கவிழ்த்துவிட்டு, 'பள்ளி தடையின்றி நடக்கிறது' என்று அறிக்கை எழுதுகிறார்கள்!

நாடகக் குழுவில் எனக்குத் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. அரசன் வேடக்காரருக்குக் காய்ச்சல் வரலாம் என்பது எந்தக் குழுவுக்கும் தெரியும். அதனால் ஓர் இளைஞனை முதல் ஒத்திகையிலிருந்தே பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அவன் சேவகனாக ஈட்டி பிடித்து நின்றுகொண்டே அரசன் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்வான். நடக்கும் நடை, திரும்பும் திருப்பம், எந்த வரியில் கைதட்டல் எழும், எந்த வரியில் குழந்தை அழும், எல்லாம் அவனுக்குத் தெரியும். காய்ச்சல் வந்த இரவில் அவனுக்கு மகுடம் சூட்டினால், பின்வரிசைக்காரருக்கு ஆள் மாறியதே தெரியாது. எட்டணாக் கூத்துக்கு இத்தனை முன்னேற்பாடு! எதிர்காலத்தை எழுதும் கூடத்துக்கு? தெருவில் போகிறவரை மேடையேற்றி, "வசனத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

நாடகம் கற்பனை, நடைமுறைக்கு வா என்கிறாயா? இரயில் நிலையத்துக்கு வா. நிலைய அதிகாரி விடுப்பில் போனால் அன்று இரயில் நிற்கிறதா? ஊரார் பணம் போட்டுக் கொடியாட்ட ஓர் ஆளை அமர்த்துகிறார்களா? இல்லை. விடுப்பில் போவோரின் இடத்தை நிரப்புவதற்கென்றே, முழுப் பயிற்சியும் முழு ஊதியமும் உடைய நிலைய அதிகாரிகளை இரயில்வே வைத்திருக்கிறது. 'லீவ் ரிசர்வ்' என்று அதற்குப் பெயர். வாராந்திர ஓய்வு கொடுப்பதற்கென்றுகூடத் தனி ஆட்கள் உண்டு. ஏன்? ஒரு கொடி தவறினால் இரண்டு வண்டி மோதும். மறுநாள் ஏடெங்கும் படம் வரும். வகுப்பறையில் மோதல் நடந்தால் ஓசை கேட்பதில்லை. படம் எடுக்க ஒன்றும் இல்லை. பத்தாண்டு கழித்து ஒருவன் வங்கியில் படிவத்தை நீட்டி, "ஐயா, இதைக் கொஞ்சம் நிரப்பிக் கொடுங்கள்" என்று கேட்பான். அதை விபத்து என்று எவர் எழுதுவார்?

"ஆசிரியர்கள் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்கள், அதனால்தான் இத்தனை தொல்லை" என்று ஒரு கூட்டம் பேசித் திரிகிறது. தேநீர்க் கடையில் நீயும் கேட்டிருப்பாய். சில வேளை நம் தோழர்களே தலையாட்டியதையும் கண்டிருக்கிறேன். ஆட்டாதே! மகப்பேற்று விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு, நெஞ்சாரப் பாராட்டுகிறேன். ஆனால் 12 மாதம் ஒருவர் வரமாட்டார் என்பது திடீரென்று இடி விழுந்ததுபோல் வருகிற செய்தியா? பல மாதங்களுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிற செய்தியாயிற்றே! தாய்க்கு உரிமை தந்த கை, அதே ஆணையின் அடியில், அந்த வகுப்புக்கு ஓர் ஆசிரியரையும் தந்திருக்க வேண்டாமா? தரவில்லை. பெற்ற பிள்ளையின் பெயரால் ஒரு தாயையும், படிக்கும் பிள்ளைகளின் பெயரால் ஊராரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு நடுவிலே நழுவிக்கொண்டார்கள். ஊரார் அந்த ஆசிரியையைத் திட்டுகிறார்கள். நழுவியவரை யாரும் திட்டுவதில்லை. திறமையான நழுவல்!

பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை 'மாற்றுப்பணி' என்று அனுப்புவதும் உண்டு. கட்டிய வேட்டியைக் கிழித்துக் கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடும் கலை அது.

சட்டம் என்ன சொல்கிறது, பார்ப்போம். கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 26-ஆம் பிரிவைப் படி. ஒரு பள்ளிக்கு ஒப்பளிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருத்தல் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடு. ஈராசிரியர் பள்ளியில் ஓரிடம் காலியானால் காலியிடம் எத்தனை விழுக்காடு? ஐம்பது! ஆக, ஈராசிரியர் பள்ளியில் ஓரிடமும் காலியாக இருக்கக் கூடாது என்பதே சட்டத்தின் பொருள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற இந்தக் கணக்கு, தலைமைச் செயலகத்தில் எவருக்கும் தெரியவில்லையா? தெரியும். தெரிந்ததனால்தான் 'காலி' என்று எழுதாமல் 'தற்காலிகமாக நிரப்பப்பட்டது' என்று எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

2022-ல் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். அரசுப் பள்ளிகளில் 13,331 பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வாயிலாகத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பலாம் என்று அறிவித்தார்கள். இடைநிலை ஆசிரியருக்கு, அதாவது சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்கு, முதலில் குறித்த தொகை மாதம் 7,500 ரூபாய். வேலைநாள் 25 என்று வைத்தால் நாளொன்றுக்கு 300. அதே 2022-23-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் குறித்த நாட்கூலி 281. வேறுபாடு 19 ரூபாய்! மண்வெட்டி பிடித்தவருக்கு மிகுதியாகக் கொடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கும் அது குறைவே. பட்டயமும் பெற்று, தகுதித் தேர்வும் எழுதி, 47 உயிர்களை நாள் முழுதும் கட்டி மேய்க்கும் பணிக்கு 19 ரூபாய் கூடுதல் மதிப்புப் போட்ட அந்தத் தராசைப் பற்றிச் சொல்கிறேன். எதிர்ப்பு எழுந்தது, வழக்கு மன்றம் ஏறியது, தொகையும் பின்னர் 12,000 ஆயிற்று. நிரந்தரமாக நியமிக்கப்படும் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் மட்டும் 20,600. அதற்கு மேல் படிகள். ஒரே கரும்பலகை, ஒரே சுண்ணக்கட்டி, ஒரே பிள்ளை!

இதை ஓர் ஆட்சியின் குற்றமாக மட்டும் காட்டி உன்னைக் கைதட்ட வைப்பது எனக்கு எளிது. செய்யமாட்டேன். 2012-ல் உடற்கல்வி, ஓவியம் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு அமர்த்தியது வேறோர் ஆட்சி. பல ஆண்டுகள் அவர்களுக்கு மே மாதத்தில் ஊதியமே கிடையாது. மே மாதத்தில் பசிக்காது என்று எந்த மருத்துவர் சொன்னாரோ! தகுதித் தேர்வு வைத்து, வென்றவர்களைக் காக்க வைத்து, 2018-ல் ஓர் ஆணையால் மற்றொரு போட்டித் தேர்வும் எழுது என்றார்கள். இடைநிலை ஆசிரியருக்கான அந்த நியமனத் தேர்வு நடந்தது எப்போது? 2024 ஜூலையில்! முதலில் 1,768 இடம், பின்னர் ஓராயிரம் சேர்த்து 2,768. தேர்வெழுதிக் காத்திருந்தவர் தலையில் நரை, காத்திருந்த வகுப்பில் பதிலி.

வடக்கே பார். உத்தரப் பிரதேசத்தில் 'சிக்‌ஷா மித்ரா' என்று பெயர் சூட்டினார்கள். கல்வி நண்பன் என்று பொருள். நண்பனுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? அதனால் மதிப்பூதியம். பின்னாளில் அவர்களை ஆசிரியர்களாக்கினார்கள். 2017 ஜூலை 25-ல் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. ஏறத்தாழ 1,37,000 பேர் ஒரே நாளில் ஆசிரியர் நிலையிலிருந்து இறங்கி, மீண்டும் 10,000 ரூபாய் 'நண்பர்கள்' ஆனார்கள். பீகாரில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த ஆசிரியர்கள் சம ஊதியம் கேட்டுச் சென்றார்கள். 2019 மே மாதத்தில் இல்லையென்று திரும்பினார்கள். தற்காலிகப் பணியாளருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று அதே உச்சநீதிமன்றம் 2016 அக்டோபரில், பஞ்சாப் வழக்கில், சொல்லியிருந்தது! கொல்லைப்புற வழியில் வந்தவரை நிரந்தரமாக்கக் கூடாது என்று 2006-ல் உமாதேவி வழக்கில் சொன்னதும் அதே மன்றம்தான். ஆம், முறைப்படி தேர்ந்தெடுக்க வேண்டும், எவர் மறுத்தார்? முன்வாசலைப் பூட்டி வைத்தவர் அரசு, கொல்லைப்புறக் கதவைத் திறந்து விட்டவர் அரசு, அந்த வழியில் வந்த ஏழையைக் கண்டு "ஐயோ, கொல்லைப்புறம்!" என்று கூச்சலிட்டவரும் அரசு.

பணம் இல்லை என்பார்கள். 1953-லும் அதைத்தான் சொன்னார்கள். பள்ளி போதாது, ஆசிரியர் போதாது, ஆகவே தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைப்போம், எஞ்சிய நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று சென்னை மாநிலத்தில் திட்டம் போட்டார்கள். நாடு கொதித்து எழுந்தது. 1954-ல் திட்டம் குழிதோண்டிப் புதைக்கப்பட்டது. அந்தக் கொதிப்பின் வழிவந்தவர் நாம் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். அரைநாள் பள்ளி என்றதும் ஆர்த்தெழுந்த நாடு, அரை ஆசிரியர் என்றபோது ஏன் அமைதி காத்தது? அரைநாள் கண்ணுக்குத் தெரிந்தது, தோழ! பாதி நாள் பிள்ளை பள்ளிக்கு வெளியே நின்றது. அரை ஆசிரியர் தெரிவதில்லை. பள்ளி திறந்திருக்கிறது, மணி அடிக்கிறது, நாற்காலியில் ஆள் இருக்கிறார்.

இனி உன்னிடமே வருகிறேன். கசப்பாக இருக்கும், பொறுத்துக் கேள். ஒன்றியத்தில் நீ பொறுப்பில் இருக்கிறாய். தற்காலிக ஆசிரியர் இடம் ஒன்று வருகிறது என்ற செய்தி கிளம்பியதும், முதலில் யார் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறது? உன் வீட்டு வாசலில்! "அண்ணே, நம்ம பொண்ணு, பட்டயம் படிச்சிருக்கு, ஒரு வார்த்தை சொல்லுங்க." நீயும் கட்சித்தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுக்கிறாய். நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறாய், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வரியில் நீ எதற்கு ஒப்பம் இடுகிறாய் தெரியுமா? அந்த இடம் நிரந்தரமாகாதிருப்பதற்கு! சிபாரிசுக்கு வழியுள்ள இடம் தற்காலிக இடம். தேர்வெழுதி வரும் இடத்துக்கு உன் கட்சித்தாள் எதற்கு? ஆக, இடம் தற்காலிகமாகவே இருப்பதில் உனக்கும் எனக்கும் ஒரு சிறு செல்வாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் செல்வாக்கை உதறச் சொல்கிறேன். அந்தப் பெண்ணை விரட்டச் சொல்லவில்லை. நம் காட்சியில் குற்றமற்றவள் அவள் ஒருத்திதான். ஒரே நாளில் ஒரு பையனின் திரையைக் கிழித்தவள் அவள். அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டாம். ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் நியமனத் தேர்வும், ஒன்றியந்தோறும் விடுப்பு இடங்களுக்கென்று முழு ஊதியத்தில் ஒதுக்கி வைத்த ஆசிரியர் பணியிடங்களும் வேண்டும். அவற்றைக் கேட்கும் குரல் உன்னுடையதாக இருக்கட்டும்.

கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன் நான். என்னை அங்கே எவரும் தேடவில்லை. எனக்கும் பெரிதாக இழப்பில்லை. ஆனால் மேடையில் நான் பேசும் ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டக் கற்றது ஒரு தொடக்கப் பள்ளித் திண்ணையில். கல்லூரியை விட்டவன் பிழைத்துக்கொள்வான். அகரத்தைத் தவறவிட்டவன் எதைக் கொண்டு பிழைப்பான்?

எனவே நாளைத் திங்கட்கிழமையே தொடங்கு. உன் பிள்ளை தனியார் பள்ளியில் படித்தாலும் உன் ஊர்ப் பள்ளி உன்னுடையதே. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களில் நம் தோழர்களும் தோழியரும் எத்தனைபேர்! அடுத்த கூட்டத்தில் சுவருக்கு வண்ணம், கொடிக்கம்பத்துக்குக் கயிறு என்ற பேச்செல்லாம் முடியட்டும். பிறகு எழுந்து நின்று கேட்கச் சொல்: இந்தப் பள்ளிக்கு ஒப்பளித்த ஆசிரியர் பணியிடம் எத்தனை? முறையாக நிரம்பியவை எத்தனை? மீதியில் உட்கார்ந்திருப்பவர் யார், எந்த நாளிலிருந்து, யார் பணத்தில்? விடையைத் தீர்மான ஏட்டில் தேதியோடு எழுதச் சொல். அதோடு, பதிலாக வருகிற ஆசிரியர் தாம் கண்டறிந்ததைப் பிள்ளைவாரியாகக் குறித்து வைத்துச் செல்ல ஒரு தடித்த குறிப்பேட்டையும் பள்ளிக்கு வாங்கிக் கொடு. அலமாரியில் பூட்டாமல் மேசைமேல் வைக்கச் சொல். தீர்மானத்தின் படி ஒன்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒன்று மாவட்டக் கல்வி அலுவலருக்கு, ஒன்று நம் ஒன்றிய அலுவலகத்துக்கு. 26-ஆம் பிரிவை மேற்கோள் காட்ட மறவாதே. படிகள் வந்து சேர்ந்த ஒன்றியங்களின் பட்டியலை இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன். வராத ஒன்றியங்களின் பட்டியலையும்.